மெய்நிகர் நாணயமும் கல்முனைக் கடைத்தெருவும்

கி.பி. 1660ஆம் ஆண்டிலே கொட்டியாற்றுக் குடாவிற் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் இந்நாட்டிலே தங்கி, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலங்கையைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். கண்டி இராச்சியத்தில் வழங்கிய நாணயங்களைப் பற்றியும் அந்நூல் கூறுகின்றது. அவற்றுள் ஒன்று தூண்டில் வடிவாக வளைக்கப்பட்ட வெள்ளிக் கம்பி. அரசனின் அனுமதியோடு அதனை எவரும் செய்யலாம். தாம் விரும்பிய குறியை அதன்மேற் பொறிக்கலாம். ஆயினும், பெறுபவனுக்கு அதன் தூய்மையில் ஐயம் எழுமாயின், அதனைத் தீயிலிட்டுச் செக்கச்செவேலெனக் காய்ச்சி நீரிலே தோய்ப்பர். தூய வெண்மையாய் வெளிவந்தாற் செல்லும், அன்றேல் செல்லாது. பாரசீகத்து லார் என்னும் நகரின் பெயரால் லாரின் எனப்பட்டு, வளைகுடாத் துறைமுகங்கள் முதல் மாலைதீவு வரையில் வணிகர் கைகளிற் புழங்கிய வெள்ளிக் காசின் இலங்கை வடிவமே இத்தூண்டில் வெள்ளி.

அரசனின் அக்கசாலையில் வாராத காசு, எவரும் செய்யத்தக்க காசு, செய்தவன் முகத்தைப் பார்த்தன்றித் தீயின் சோதனையைப் பார்த்து ஏற்கப்பட்ட காசு என்னும் இம்மூன்றும் இக்காலத்தே கிரிப்டோ நாணயம் என்றும், மத்திய வங்கியின் அறிவித்தல்களில் மெய்நிகர் நாணயம் என்றும் வழங்கும் ஒன்றுக்கும் பெரிதும் பொருந்துவன. ஆகவே இப்புதுமை முற்றிலும் புதிதன்று. எனினும், தூண்டில் வெள்ளிக்கு ஒரு சிறப்பு உண்டு. நாணயமாகச் செல்லாத போதும் அது வெள்ளியாகவே எஞ்சும். தட்டானிடம் கொடுத்தால் தண்டையாகும், கொலுசாகும். மெய்நிகர் நாணயமோ செல்லாத போது எதுவாகவும் எஞ்சாது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே மேலே சொல்வனவற்றை நோக்குதல் வேண்டும்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் இக்கரையோரத்தார்க்குக் காசில்லாக் கொடுக்கல் வாங்கல் அந்நியமான பொருளன்று. களவெட்டியிலே சூடு மிதித்து நெல்லைத் தூற்றிக் குவித்த அன்றே, கொல்லனுக்கும் தச்சனுக்கும் வெட்டுக்கூலி ஆட்களுக்கும் மரைக்காலால் அளந்து கொடுத்தலும், முஸ்லிம் போடிமார் சக்காத்தையும் நெல்லாகவே பிரித்து வைத்தலும் முன்னாளில் இங்கு இயல்பு. கடனும் நெல்லாகவே எழுதப்பட்டது. இன்ன போகத்தில் இத்தனை அவணம் என்று பேசி முடித்தனர். நெல் யாவர்க்கும் வேண்டப்படுவது ஆகலின் அஃது எளிதிற் செலாவணியாயிற்று. ஆயினும் அதற்கும் குறைகள் இருந்தன. அறுவடைக் காலத்தில் அதன் விலை வீழும், மாரியில் ஏறும். எனவே களத்திலே நெல்லாகக் கடன் தீர்த்தவன் ஏமாந்தானா, கொடுத்தவன் ஏமாந்தானா என்னும் வழக்கு ஓயாது நிகழ்ந்தது. அளவுகோலே நீண்டும் குறுகியும் நின்றால் அளப்பது எங்ஙனம்? இவ்வினா பின்னரும் எழும்.

தனியார் வெளியிட்ட பணம் இந்நாட்டிலே ஒருமுறை பெரிதும் நொறுங்கியதும் உண்டு. கோப்பிப் பயிர்ச்செய்கை செழித்திருந்த காலத்தில், இலங்கையிற் புழங்கிய காகிதப் பணத்தின் பெரும்பகுதி அரசாங்கத்தினுடையதன்று. ஒறியன்ரல் வங்கி முதலிய தனியார் வங்கிகளுடையது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களைப் படிப்படியாக அழிக்க, தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த அவ்வங்கி 1884ஆம் ஆண்டு மே மாதத்திற் கதவை மூடியது. முதல்நாள் வரை பணமாக இருந்த தாள் மறுநாள் வெறுந்தாளாயிற்று. அப்போதைய தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தமையாலேயே கலவரம் தணிந்தது. அவ்வாண்டே நாணயத்தாட் சட்டம் இயற்றப்பட்டு, பணம் வெளியிடும் உரிமை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1950இல் அது மத்திய வங்கியிடம் சேர்ந்தது. பணத்தை யார் செய்கின்றார், அதன் மெய்ம்மையை எவ்வாறு அறிவது என்னும் இரு வினாக்களோடு, அது முறிந்தால் யார் விடை சொல்வார் என்னும் மூன்றாம் வினாவும் உண்டு என்பதை இந்நாட்டார் அன்று அனுபவத்தால் அறிந்தனர்.

இனி, மெய்நிகர் நாணயம் என்பது யாது? அவற்றுள் முதன்மையானது பிட்கொயின். 2008ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், சற்றோஷி நக்கமோட்டோ என்னும் புனைபெயரில் ஒருவரோ பலரோ வெளியிட்ட ஒன்பது பக்கக் கட்டுரையொன்று அதன் அமைப்பை விளக்கியது. 2009 சனவரி 3ஆம் நாள் அது தொழிற்படத் தொடங்கியது. அப்பெயருக்குரியவர் யார் என்பது இன்றுவரை ஐயமற நிறுவப்படவில்லை. இதனை ஊர்ப் பலசரக்குக் கடையின் கடன் கொப்பியோடு ஒப்பிட்டு நோக்கின் விளக்கம் எளிதாகும். கடைக்காரரின் கொப்பி ஒன்றுதான். அது அவர் கையில் இருக்கின்றது. அவர் எழுதியதே கணக்கு. பிட்கொயினிலோ அக்கொப்பியின் முழுப்படி உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே வேளையில் இருக்கும். ஒருவர் மற்றொருவருக்குக் கொடுத்த செய்தி எல்லாக் கொப்பிகளிலும் ஏறும். ஒரு கொப்பியைத் திருத்திப் பயனில்லை. ஏனைய கொப்பிகள் அதனைப் பொய்யாக்கிவிடும்.

புதிய பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு என்பதில் போட்டி உண்டு. கணினிகள் ஒரு கடுங்கணக்கின் விடையைக் கோடானுகோடி முறை ஊகித்துத் தேடுகின்றன. முதலிற் கண்டுபிடித்த கணினியின் உடைமையாளர் அப்பக்கத்தை எழுதுவார். கூலியாகப் புதிய பிட்கொயின்களைப் பெறுவார். தேடுவது கடினம், கண்ட விடையைச் சரிபார்ப்பது எவர்க்கும் எளிது. நொக்ஸ் கண்ட தீச்சோதனையின் இடத்தை இக்கணிதம் பெற்றுள்ளது எனலாம். ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் எழுதப்படும். தொடக்கத்திற் பக்கமொன்றுக்கு 50 பிட்கொயினாக இருந்த கூலி, ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கொருமுறை பாதியாகி, 2024 ஏப்ரலில் 3.125 ஆகக் குறைந்தது. மொத்தத் தொகை 2 கோடியே 10 இலட்சத்தைத் தாண்டாது என்பது அதன் விதி. கோப்பிக்காலத்து வங்கி போல் வேண்டியபோதெல்லாம் தாளை அச்சிட இங்கு எவராலும் இயலாது. அதன் அன்பர் இதனையே அதன் பெருமையாகக் கூறுவர், அப்பெருமையை மறுத்தற்கில்லை.

ஒருவரின் உடைமைக்குச் சான்று ஒரு நீண்ட இரகசிய எண். அதனை நினைவிற் கொள்ளும் பொருட்டுப் பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு சொற்களாக மாற்றித் தருவர். சொற்களை இழந்தவர் உடைமையை இழந்தார். பிறருக்குச் சொன்னவரும் இழந்தார். தவறான முகவரிக்கு அனுப்பியதை மீட்டுத் தரும் முகாமையாளர் எவரும் இல்லை. வங்கிக்குச் சென்று கடவுச்சொல் மறந்துவிட்டது என முறையிடும் பழக்கமுடையோர் இதனை நன்கு எண்ணிப் பார்த்தல் நலம்.

இந்நாணயத்தாற் பொருள் வாங்கிய முதற் செய்தியாகப் பலரும் எடுத்துக்காட்டுவது 2010 மே 22ஆம் நாள் நிகழ்ந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து நிரலாளர் ஒருவர் இரண்டு பீட்சாக்களைப் பெற்று 10,000 பிட்கொயின் கொடுத்தார். அன்றைய மதிப்பில் அது நாற்பது டொலர் அளவே. பின்னர் 2021 நவம்பரில் ஒரு பிட்கொயினே 68,000 டொலரைத் தாண்டியது. அந்நிரலாளரைப் பேதையென்று நகைப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: அவர் அதனைப் பணமாகவே கொண்டு, பணம் செய்ய வேண்டிய தொழிலைச் செய்வித்தார். நாளை விலையேறும் என்று யாவரும் பூட்டி வைத்திருந்தால் அது செலாவணி ஆகாது, புதையலே ஆகும். மறுபுறம், 2022 நவம்பரில் அதன் விலை ஏறத்தாழ 16,000 டொலருக்கு வீழ்ந்தது. ஓராண்டினுள் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தேய்ந்த அளவுகோலைக் கொண்டு எந்தப் புடைவை வணிகர் முழம்போட முடியும்? அறுவடை நெல்லின் விலையேற்ற இறக்கம் இதன் முன்னே ஒன்றுமில்லை என்க.

நாள்தோறும் நிகழும் வணிகத்தில் இதனைப் புகுத்த ஓர் அரசாங்கமே முயன்று பார்த்தது. மத்திய அமெரிக்காவின் எல் சல்வடோர் 2021 செப்டெம்பர் 7ஆம் நாள் முதற் பிட்கொயினைச் சட்டபூர்வ நாணயமாக்கியது. பதிவு செய்த குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 30 டொலர் பெறுமதியான பிட்கொயின் இலவசமாக வழங்கப்பட்டது. கடைக்காரர் அதனை ஏற்றல் வேண்டும் என்றும் சட்டம் பணித்தது. மக்களிற் பலர் அந்த முப்பது டொலரைச் செலவிட்டபின் பழைய வழக்கத்துக்கே திரும்பினர். பன்னாட்டு நாணய நிதியத்தோடு 2024 இறுதியிற் செய்துகொண்ட 140 கோடி டொலர்க் கடன் உடன்படிக்கையைத் தொடர்ந்து, 2025 சனவரியில் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. சட்டத்தால் ஒரு பொருளைப் பணமெனப் பெயரிடலாம். சந்தைக்கு வரும் மீன்காரியை அதில் விலை சொல்ல வைப்பது வேறு.

விலை அலைவதைத் தடுக்கும் பொருட்டு எழுந்தவை நிலைநாணயங்கள். டெதர் என்பது அவற்றுட் பெரியது. அதனை வெளியிடும் நிறுவனம், ஒவ்வோர் அலகுக்கும் ஈடாக ஒரு டொலர் பெறுமதியான சொத்தை வைத்திருப்பதாகக் கூறுகின்றது. ஆகலின் அதன் விலை ஒரு டொலரையொட்டியே நிற்கின்றது. இவ்வாறு நின்ற மற்றொன்றாகிய ரெறா நாணயம், ஈடாக மெய்ச்சொத்து இன்றித் தன் இனத்து மற்றொரு நாணயத்தையே நம்பியிருந்தமையால் 2022 மே மாதத்திற் சில நாள்களுள் அழிந்தது. ஆக, எவரையும் நம்ப வேண்டா என்று தொடங்கிய கதை, ஒரு நிறுவனத்தின் வாக்கை நம்பும் இடத்துக்கே மீண்டும் வந்து நிற்கின்றது. 1884இல் மூடிய வங்கியின் வாசல் இங்கிருந்து தொலைவில் இல்லை.

இந்நிலைநாணயங்களே இக்கரையோர மக்களோடு நெருங்கிய தொடர்புடையன. அஃது ஏனெனில், இங்குள்ள வீடுகளிற் பலவற்றின் அடுப்பு கட்டாரிலும் சவூதி அரேபியாவிலும் குவைத்திலும் உழைப்போரின் பணத்தால் எரிகின்றது. அப்பணம் வரும் வழிகளுள் வங்கி ஒன்று, உண்டியல் மற்றொன்று. தோகாவில் ஒருவர் முகவரிடம் ரியால் கொடுப்பார். முகவர் தொலைபேசியிற் செய்தி சொல்வார். அன்று மாலையே அக்கரைப்பற்றில் அவர் மனைவியின் கையிற் ரூபா சேரும். ரியால் கடல் கடப்பதில்லை; இலங்கைக்குப் பொருள் இறக்குமதி செய்யும் எவரோ ஒருவருக்கு அங்கேயே பயன்படும். படிவமும் வரிசையும் இல்லாமற் சொல்லொன்றால் நடக்கும் இவ்வேற்பாட்டை ஹவாலா என்று அரபு நாட்டார் கூறுவர்.

2021 செப்டெம்பர் தொடக்கம் 2022 மார்ச்சு முதல் வாரம் வரையில், வங்கிகள் ஒரு டொலருக்கு 200 முதல் 203 ரூபா வரையே கொடுக்கும் நிலை இருந்தது. உண்டியற்காரரோ அதனினும் பல ரூபா கூட்டிக் கொடுத்தனர். வங்கி வழி வருவோர்க்கு டொலருக்கு 10 ரூபா மேலதிகமாக அளித்தும் அவ்விடைவெளி நிரம்பவில்லை. விளைவு, 2020இல் 710 கோடி டொலராக வங்கி வழி வந்த தொழிலாளர் பணம், 2021இல் ஏறத்தாழ 550 கோடியாகவும், 2022இல் 379 கோடியாகவும் சுருங்கியது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மருந்துக்கும் கொடுக்க டொலர் இன்றி, 2022 ஏப்ரல் 12ஆம் நாள் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்துவதாக அறிவித்தது. மார்ச்சு மாதத்தில் 203ஆக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. உண்டியல் ஒன்றே இதற்குக் காரணம் என்பது மிகைக்கூற்று. விலையை இறுக்கிப் பிடித்த கொள்கையே தொழிலாளரை உண்டியலின் பக்கம் தள்ளியது என்பதும் உண்மை. தன் பிள்ளையின் பாற்பொடிக்காகக் கூடுதலாக முப்பது ரூபா தருபவனிடம் சென்ற தாயைத் தேசத்துரோகி எனல் எளிது; அவள் கூட்டிய கணக்கைப் பிழையெனல் எளிதன்று.

உண்டியலின் இடத்தை நிலைநாணயமும் வகிக்க வல்லது. வெளிநாட்டில் இருப்பவர் டெதர் வாங்கி உறவினரின் கைத்தொலைபேசிக்கு அனுப்பலாம். இங்கிருப்பவர் இணையச் சந்தையில் ஆள் பிடித்து, அவர் தம் வங்கிக் கணக்கில் ரூபா இட்டபின் டெதரை விடுவிக்கலாம். வெளிநாட்டார்க்கு இணையத்தின் வழி வேலை செய்யும் இளைஞரும், பேபால் வழியாக இலங்கையில் இருந்தபடி பணம் பெறும் வசதி நெடுங்காலம் இல்லாதிருந்தமையால், இவ்வழியை நாடினர். ஆயினும் உண்டியலில் இருந்த ஒன்று இங்கு இல்லை. உண்டியற்காரர் ஊரார், அவர் வாக்குத் தவறின் பள்ளிவாசல் நிருவாகத்திடம் முறையிடலாம், அவர் மகளின் கலியாணம் வரை அப்பழி தொடரும். இணையச் சந்தையின் மறுமுனையில் இருப்பவர் ஒரு புனைபெயர். அவர் அனுப்பும் ரூபா களவாடப்பட்ட பணமாயின், விசாரணையின்போது கணக்கு முடக்கப்படுவது பெற்றவருக்கே.

சட்டநிலையையும் சுருங்கக் கூறுதல் வேண்டும். மத்திய வங்கி 2018, 2021, 2022ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட அறிவித்தல்களிலே, மெய்நிகர் நாணயத் தொழில் நடத்த எவருக்கும் தான் அனுமதி அளிக்கவில்லை என்றும், அதில் ஈடுபடுவோர் நட்டத்தைத் தாமே சுமத்தல் வேண்டும் என்றும் எச்சரித்தது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வழங்கப்பட்ட 3ஆம் இலக்கப் பணிப்புரை, கடனட்டையையும் பற்று அட்டையையும் மெய்நிகர் நாணயக் கொடுப்பனவுக்குப் பயன்படுத்த இடமளிக்கவில்லை. வைத்திருப்பதே குற்றம் எனப் பலர் கருதுவது அவ்வறிவித்தல்களின் சொற்களுக்கு அப்பாற்பட்டது; அரசாங்கம் காக்கும் எனக் கருதுவதும் அவ்வாறே.

இந்நடுநிலத்திலேதான் ஏமாற்றுவோர் குடியேறினர். ஸ்போர்ட்ஸ் செயின், ஒன்மக்ஸ் டிரி, எம்.ரி.எவ்.ஈ. என்னும் பெயர்கள் இலங்கையிற் பலர்க்குத் தெரிந்தவை. கிரிப்டோ என்றும் வெளிநாட்டுச் செலாவணி என்றும் பெயர் சூட்டி, புதியவரைச் சேர்த்தாற் பங்கு என்று ஆசைகாட்டி நடந்தவை அவை. வங்கித்தொழிற் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ்த் தடைசெய்யப்பட்ட கூம்புத் திட்டங்களென 2023இல் மத்திய வங்கி அவற்றைப் பட்டியலிட்டது. உண்மையில் அவற்றுக்கும் மேலே விளக்கிய பொதுக்கொப்பிக்கும் தொடர்பு சிறிதே. பின்வந்தவர் பணத்தை முன்வந்தவருக்குக் கொடுக்கும் பழைய சூதே அது. திரையிற் காட்டிய இலாபம் எந்தக் கணினியும் சரிபார்க்காத வெறும் எண். இதிலே நகையை ஈடுவைத்து இறங்கியோர் பெரும்பாலும் அயலவரின், உறவினரின், ஒருவேளை ஆசிரியரின் சொல்லை நம்பியே இறங்கினர் என்பது கவனிக்கத்தக்கது. கணிதத்தை நம்பும் நாணயம் என்று பறைசாற்றப்பட்டது, முகத்தை நம்பியே விற்கப்பட்டது.

முஸ்லிம் ஊர்களில் மார்க்க வினாவும் உடன் எழும். ஆகுமா, ஆகாதா என்பதில் அறிஞர் ஒருமுகமாக இல்லை. எகிப்தின் தாருல் இப்தா 2018 தொடக்கத்தில் பிட்கொயின் வாணிபம் விலக்கப்பட்டது என்றது. நிச்சயமின்மையும் ஏமாற்றுக்கு இடமளித்தலும் காரணங்களாகக் காட்டப்பட்டன. இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில், பணமாகப் பயன்படுத்துதல் ஆகாது என்றும், தெளிவான பயனும் ஈடும் உடைய பண்டமாயின் வாங்கி விற்றல் ஆகும் என்றும் பிரித்துரைத்தது. மலேசியாவின் பிணையங்கள் ஆணைக்குழுவுக்கு ஆலோசனை கூறும் ஷரீஆ சபையோ, பதிவுபெற்ற சந்தையில் அதனை வாங்கி விற்றல் ஆகும் என 2020இல் முடிவு செய்தது. இவ்வேறுபாட்டின் வேர், மால் எனப்படும் சொத்தின் இலக்கணத்தில் உள்ளது. மக்கள் மதித்து வழங்குவது எதுவும் சொத்தா, அன்றித் தன்னளவிற் பயனுடையதே சொத்தா? தூண்டில் வெள்ளிக்கு இவ்வினா எழவில்லை. வெள்ளி இரண்டுக்கும் விடையாக நின்றது.

இறுதியாக, கல்முனைப் பிரதான வீதியிலே ஒரு புடைவைக் கடையைக் கற்பனை செய்து கொள்க. பெருநாளுக்கு முந்திய கிழமை. வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர் மருதமுனை நெசவில் சாரமும் சேலையுமாக 15,000 ரூபாவுக்கு எடுத்து, பிட்கொயினாகத் தர முன்வருகின்றார் என்க. கடைக்காரர் கைத்தொலைபேசியில் முகவரியைக் காட்டுவார். செய்தி பொதுக்கொப்பியில் ஏறப் பத்து நிமிடம். ஐயமற உறுதிப்பட, வழக்கமாகக் கொள்ளும் ஆறு பக்கங்கள் நிறைய, ஒரு மணி நேரம். நெரிசலான நாளில் அதற்குள் இருபது வாடிக்கையாளர் வந்து போவர். இதனை விரைவுபடுத்த மின்னல் வலை என்னும் துணையமைப்பு உண்டு. ஆயினும் அதற்கும் இருபாலும் பழக்கம் வேண்டும். அதே கடையில் லங்கா கியூஆர் கட்டத்தைக் காட்டினால் எந்த இலங்கை வங்கிக் கணக்கிலிருந்தும் ரூபா நொடியில் வந்து சேரும். வேகம் பற்றிய வாதம் ஈண்டு புதுமைக்குச் சார்பாக இல்லை.

கடைக்காரர் பெற்றுக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். நெசவாளருக்கு அவர் கொடுக்க வேண்டியது ரூபா; கடை வாடகை ரூபா; மின்கட்டணம் ரூபா; இறைவரித் திணைக்களத்துக்குக் காட்டும் கணக்கும் ரூபா. ஆகவே பேரேட்டில் அன்றைய விலைப்படி 15,000 என்றே பதிவார். மூன்றாம் நாள், சாரத்தின் கரை வெளுக்கின்றது என்று அவ்வாடிக்கையாளர் திரும்பி வருகின்றார். இடையே பிட்கொயின் பத்திலொரு பங்கு ஏறியிருக்கின்றது. வாடிக்கையாளர் தாம் கொடுத்த பிட்கொயினையே கேட்பார். கடைக்காரர் பேரேட்டைத் திறந்து 15,000 ரூபாவைக் காட்டுவார். இறங்கியிருப்பின் இருவரும் இடம் மாறி வாதிடுவர். தீர்க்க வேண்டி, கல்லாவுக்கு அருகே இருக்கும் பெரியவரிடம் இருவரும் திரும்புவர். அவர் முதலிற் கேட்பது, விலை பேசியபோது எதில் பேசினீர்கள் என்பதாகவே இருக்கும்.